கொல்பானித் தண்ணீர்ப் பங்கு

லா ஷப்பெல், பரிஸ்
22 யூன் 1986

அன்புள்ள அத்தான்,

உங்கள் முதல் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஒரு மாதமாகத் தபால்காரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். நாலு பக்கம் என்று கண்டதும் சந்தோஷத்தில் அடுப்பை மறந்துவிட்டேன். பால் பொங்கி வடிந்தது. வடியட்டும் என்று இருந்து படித்தேன்.

நாலு பக்கமும் தண்ணீர். எந்த மலையில் எந்த ஓடை தொடங்குகிறது, எந்த ஊற்றில் ஆவி பறக்கிறது, எந்தக் குளத்து நீர் கைக்கிறது, எந்த ஏரி பின்னேரத்தில் சிவக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் "நீர் சுகம்தானே" என்று ஒரு வரி. அதுவும் தாளில் இடம் போதாமல் ஓரமாக வளைந்து மேலே ஏறிப் போயிருக்கிறது. எனக்கு அந்த வளைவைத்தான் தந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தான், கோபிக்காதீர்கள், நான் ஒன்று கேட்கிறேன். இந்த ஒரே அறையில் ஒரு வருடம் சேர்ந்து இருந்தோம். ரெஸ்ரோரண்டில் சட்டி கழுவிவிட்டு வந்து கட்டிலில் இருப்பீர்கள். நான் பத்துக் கேட்டால் ஒரு "ம்" வரும். அவ்வளவுதான். இரணைமடுக் குளத்தில் நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்த மனுசனைச் சட்டிக்குள் கைவிட வைத்துவிட்டோமே என்று நான்தான் அழுதேன். அந்தத் தண்ணீர் ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் ழாக் உங்களைப் பொலிவியாவுக்குக் கூப்பிட்டபோது போங்கோ என்று சொன்னதும் நான்தான். எனக்குத் தராத சொல்லெல்லாம் அங்கே ஓர் உப்பு ஏரிக்குக் கொடுப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஒரு வருடம், வருகிற மே மாதம் வந்துவிடுவேன் என்று விமான நிலையத்தில் சொன்னீர்கள். அதை நான் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறேன்.

எனக்கு ஒபர்வில்லியேயில் தையல் வேலை கிடைத்துவிட்டது. காற்சட்டைக்கு ஸிப் வைக்கும் வேலை. அங்கே துணி கொண்டுவந்து இறக்குகிற நீக்கிலாஸ் அண்ணை, மன்னார்க்காரர், பின்னேரம் தன் வானில் என்னை லா ஷப்பெல் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறார். நல்ல மனுசன். வழி முழுக்கக் கதைத்துக்கொண்டே வருவார்.

உங்கள்
சாரதா


கொல்பானி
19 யூலை 1986

அன்பின் சாரதா,

உம்முடைய கடிதம் நேற்று லொறியில் வந்தது. தபால் கிழமைக்கு ஒரு தடவைதான் மேலே வரும். பால் பொங்கி வடிந்ததைப் படித்துச் சிரித்தேன். மற்றதைப் படித்துச் சிரிக்கவில்லை.

நான் கதைக்காதவன் என்பது உண்மை. பரிஸில் எதைப் பற்றிக் கதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எந்தச் சட்டி எவ்வளவு கருகியிருந்தது என்று சொல்லவா? இங்கே பார்க்கிறதெல்லாம் யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது, அந்த யாராவது நீர்தான். அதனால் இந்தக் கடிதத்திலும் தண்ணீர் வரும். பொறுத்துக்கொள்ளும்.

நாங்கள் இருக்கும் இடம் பெரிய தாம்பாளம் மாதிரி. சுற்றிவர மலை. மலைகளின் தலையில் பனி. உருகுகிற பனியும் பெய்கிற கொஞ்ச மழையும் உள்ளே வரும், வெளியே போக வழி கிடையாது. ஓர் ஆறுகூடக் கடலுக்குப் போகவில்லை. வந்த தண்ணீரை வெயில் குடித்துவிட்டு உப்பை விட்டுவிடுகிறது. நடுவில் கண் கூசும் வெள்ளை வெளி, அதன் தெற்குக் கரையில் நான் எழுதின சிவப்பு ஏரி. அதில் நாரைகள் மாதிரி நீண்ட காலுள்ள ரோஸ் நிறப் பறவைகள் நிற்கும். மலைச்சரிவில் மேலே மேலே வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. ஒரு காலத்தில் தண்ணீர் அவ்வளவு உயரத்தில் நின்றிருக்கிறது என்று ழாக் காட்டினார். என் தலைக்கு மேலே அலை அடித்த இடத்தில் நின்று சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஓடைகள் இரவில் உறைந்துவிடும். காலையில் போனால் கல் மாதிரி கிடக்கும். வெயில் ஏறின பிறகு முதலில் அடியில் ஒரு சத்தம் கேட்கும், பிறகு கசியும், மத்தியானத்தில் ஓடும். என் வேலை, அது எவ்வளவு ஓடுகிறது என்று அளவுப்பலகையைப் பார்த்து எழுதுவது. ஊற்றுகளுக்குக் கீழே ஒரு பச்சைப் புல்வெளி இருக்கிறது. மிதித்தால் மெத்தையாக அமுங்கும், உள்ளே தண்ணீர் அசையும். லாமாக்கள் அதில்தான் மேய்கின்றன. நம்முடைய ஆட்டை விட உயரம், ஒட்டகத்தை விடச் சின்னது. காதில் நிற நூல் கட்டி விடுகிறார்கள்.

சாப்பாடுதான் கஷ்டம். இந்த உயரத்தில் தண்ணீர் கொதிக்கிற மாதிரிக் காட்டிவிட்டு ஏமாற்றுகிறது. அரிசி நடுவில் வேகாமல் நிற்கும். பருப்பு அரை நாள் அடுப்பில் கிடந்தும் பருப்பாகவே இருக்கிறது.

நீக்கிலாஸ் என்று எழுதினீர். அந்த வானில் வேறு ஆட்களும் வருவார்களோ?

குலசேகரம்


லா ஷப்பெல்
15 ஓகஸ்ட் 1986

அன்புள்ள அத்தான்,

வேறு ஆட்களும் வருவார்கள். சில நாள் வருவதில்லை.

போதுமா? உங்கள் கேள்வி கடைசி வரியில் இருந்தாலும், அந்த ஒரு வரிதான் எனக்கு என்று எழுதின வரி. அதை நான் மூன்று தடவை வாசித்தேன். நீக்கிலாஸ் அண்ணை அன்று சிவப்பில் கோடு போட்ட சட்டை போட்டிருந்தார் என்றும் சேர்த்து எழுதுகிறேன், நீங்கள் வேகாத பருப்போடு அதையும் மென்றுகொண்டிருங்கள்.

எனக்கு உங்கள் ஏரியோடு எரிச்சலாக இருக்கிறது. இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். அந்த ஓடை விடிய எழும்பும் நேரம் தெரியும் உங்களுக்கு. நான் எத்தனை மணிக்கு எழும்பி மெத்ரோ பிடிக்கிறேன் என்று தெரியுமா? உங்களோடு இருந்தபோதும் கேட்டதில்லை. கீழ்த்தட்டு மேரிறோஸிடம், அவள்தான் ரூ பெர்தொனே தெருவில் சேலைக்கடையில் வேலைக்கு நிற்கிறாளே, அவளிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தண்ணியோடை ஆரும் எரிச்சல்படுவினமோ? அங்கை பொம்பிளையள் இருக்கினமோ எண்டு கேளும் முதல்."

நான் அதுவரைக்கும் அதை நினைக்கவே இல்லை. அவள் சொன்ன பிறகு வேறெதையும் நினைக்க முடியவில்லை. கேட்கிறேன். அங்கே பெண்கள் இருக்கிறார்களா?

சாரதா


கொல்பானி
3 செப்டம்பர் 1986

அன்பின் சாரதா,

எங்கள் கூடாரத்தில் ஆண்கள்தான். ஊருக்குள் பெண்கள் இருக்கிறார்கள். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தலையில் வட்டத் தொப்பி, இரட்டைப் பின்னல், ஒன்றின் மேல் ஒன்றாகப் பல பாவாடை. லாமா மேய்க்கிறார்கள். இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் தெரியாது.

போன கிழமை வாய்க்கால் திறந்தார்கள். மேல் ஊற்றிலிருந்து புல்வெளிக்கு ஒரு பழைய வாய்க்கால் வருகிறது. வருடத்தில் ஒரே ஒரு நாள் அதை மறித்துக் காயவிட்டு, ஊர் முழுக்க இறங்கி மண்ணையும் பாசியையும் அள்ளிவிட்டு, பின்னேரம் மறுபடி தண்ணீரைத் திறக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் அதில் தண்ணீர் இருப்பதால், அடியில் அளவுப்பலகை நடுவதற்கும் அந்த ஒரு நாள்தான். நானும் இறங்கி நட்டேன். திறந்த தண்ணீர் மஞ்சள் நுரையைத் தள்ளிக்கொண்டு, ஒரு நாய்க்குட்டி மாதிரி ஒவ்வொரு மூலையையும் மணந்து பார்த்துக்கொண்டு வந்தது. இரணைமடுவில் துருசு திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நாள் நினைவுக்கு வந்தது. நல்ல நாள்.

ழாக் ஒன்று கேட்டிருக்கிறார். வேலை முடியவில்லையாம், இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்கிறார். நான் பதில் சொல்லவில்லை. பெப்ரவரிக்குள் சொல்ல வேண்டும். நீர் என்ன நினைக்கிறீர்?

அவர் இந்த மாதம் பரிஸ் வருகிறார். என் படச்சுருள் ஒன்றைக் கொடுத்து விடுகிறேன். ஸ்ரூடியோவில் கொடுத்துக் கழுவி எடும். ஏரி எப்படிச் சிவக்கிறது என்று அப்போது தெரியும்.

குலசேகரம்


லா ஷப்பெல்
12 ஒக்டோபர் 1986

குலசேகரம் அவர்களுக்கு,

படங்கள் வந்தன. ஏரி சிவப்புத்தான். அதைப் பார்க்க எனக்குக் கண் இருக்கவில்லை.

நான் வேலைக்குப் போகிற நேரம் ஸ்ரூடியோ பூட்டியிருக்கும் என்று மேரிறோஸைத்தான் எடுத்துவரச் சொன்னேன். அவள் கடைக்குக் கொண்டுபோய், ஆசையில், உறையைத் திறந்து மேசையில் பரப்பியிருக்கிறாள். கடையில் அன்று ஒரு கல்யாணக் கூறைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். நான் பின்னேரம் போனபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேரிறோஸ் என்னைப் பின்னால், சேலைக் கட்டுகள் அடுக்கின இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு படத்தைக் கையில் தந்தாள்.

"சாரதா, நீர் இருந்துகொண்டு பாரும்," என்றாள்.

நீங்கள் கழுத்தில் மாலையோடு நிற்கிறீர்கள். பக்கத்தில் ஒருத்தி, அவள் கழுத்திலும் மாலை. தலையெல்லாம் பூத் தூவியிருக்கிறது. அவள் கையில் செம்பு மாதிரி ஒரு பாத்திரம். நீங்கள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். சுற்றிவர ஊர் நின்று பார்க்கிறது. ஆணும் பெண்ணும் மாலை போட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அதற்கு நம் ஊரில் எத்தனை அர்த்தம் இருக்கிறது? கூறை எடுக்க வந்த மனுசி ஒருத்தி, "ஆரின்ரை கலியாணம்?" என்று கேட்டிருக்கிறா. மேரிறோஸ் எனக்காக எதையோ சொல்லிச் சமாளித்திருக்கிறாள். இன்றைக்கு ரூ பெர்தொனேயில் எல்லோருக்கும் உங்கள் இரண்டாம் கல்யாணம் தெரியும். எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது.

இன்னும் இருக்கிறது. அவள் போட்டிருப்பது என் சுவெற்றர். பார்பெஸில் வாங்கின சிவப்பு. முழங்கையில் நான் வைத்த ஒட்டு படத்தில் தெரிகிறது. குளிருக்கு உள்ளே போட்டுக்கொள்ளட்டும் என்று என் உடம்பிலிருந்து கழற்றி உங்கள் பெட்டியில் வைத்தேன். யாருக்கு என்று வைத்தேன்?

அத்தான், நம்முடைய கல்யாணத்தில் மாலை இருக்கவில்லை. மறந்துபோனீர்களோ தெரியாது. ஊரடங்கு. மாலை கட்டுகிறவர் சந்தியைத் தாண்டி வரவில்லை, படக்காரரும் வரவில்லை. அறைக்குள் வைத்துத் தாலியைக் கட்டினீர்கள், ஐயர் மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். அதற்காக நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. என்னிடம் நாங்கள் இரண்டு பேரும் மாலையோடு நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. அவளிடம் இருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உமக்கு மனைவி இருக்கிறாளா என்று அவர்கள் கேட்டிருப்பார்கள் அல்லவா? நீங்கள் என்ன சொன்னீர்கள்?

சாரதாதேவி


கொல்பானி
8 நவம்பர் 1986

அன்பின் சாரதா,

உம்முடைய கடிதத்தைப் படித்துவிட்டு ஊற்றடிக்குப் போய் இருந்துவிட்டு வந்தேன். கல்யாணம் என்று நினைத்திருக்கிறீரே. எனக்கு அது மூளையில் பட்டிருந்தால் அந்தச் சுருளைக் கொடுத்தே விட்டிருக்க மாட்டேன். மாலை என்பது இங்கே சாயம் போட்ட கம்பளி நூலும் காகிதப் பூவும். அன்று லாமாக்களுக்கும் போட்டார்கள்.

இந்த ஊர் வழக்கம் இது. வாய்க்காலில் இறங்குகிறது வீடு, ஆள் இல்லை. வீடு என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஆண் உள்ளே இறங்கி மண் அள்ள வேண்டும், பெண் கரையில் பாத்திரத்தோடு நிற்க வேண்டும். புதுத் தண்ணீர் வரும்போது அவள் அள்ளி அவன் கையில் ஊற்றுவாள். தனி ஆள் இறங்கினால் ஊற்று கோபித்துக்கொண்டு வற்றிவிடும் என்கிறார்கள். ழாக் கல்யாணம் முடிக்காதவர், அவரைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். பலகையை நான்தான் நட வேண்டும். நடுவதென்றால் இறங்க வேண்டும். அதற்காக ஊரே ஒரு பெண்ணை எனக்குப் பக்கத்தில் நிறுத்தியது. அவ்வளவுதான்.

அவள் பெயர் எவரிஸ்தா. வயது ஐம்பது இருக்கும், இந்தக் காற்றில் யாருடைய வயதும் சரியாகத் தெரியாது. புருஷன் சுரங்கத்தில் இறந்துவிட்டான். நீர் பயப்பட ஒன்றும் இல்லை.

என்னிடம் கணக்குக் கேட்கிறீர். நான் உம்மிடம் கேட்டேனா? பின்னேரம் பின்னேரம் யாருடைய வானில் வருகிறீர், அவன் வழி முழுக்க என்ன கதைக்கிறான் என்று நான் இந்தக் குளிரில் படுத்திருந்து யோசிக்கிறேன். என்னிடம் படம் இல்லை, அதுதான் வித்தியாசம். கோடு போட்ட சட்டை என்று எழுதினீர். அந்தச் சட்டை எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, முகம் தெரியாத ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டது. பறவைகள் நடுவுக்குப் போய்விட்டன. கரை முழுக்க உப்பு, நடந்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

குலசேகரம்


லா ஷப்பெல்
30 நவம்பர் 1986

அத்தான்,

புருஷன் இல்லாதவள் என்று எழுதினது எனக்கு ஆறுதலுக்கோ?

என் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஏரியில் தண்ணீர் குறைந்தது வந்திருக்கிறது, உப்பு நொறுங்குவது வந்திருக்கிறது. மனைவி இருக்கிறாளா என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள் என்பது வரவில்லை. சுவெற்றர் எப்படி அவள் உடம்புக்குப் போனது என்பதும் வரவில்லை. இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஒரு பக்கம் எழுத உங்களுக்கு முடிந்திருக்கிறது.

மேரிறோஸ் இப்போது என்னைக் கோயிலுக்கு வா என்று கூப்பிடுகிறாள். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினால் தூரத்தில் இருக்கிற புருஷன்மார் திரும்பி வருவார்களாம். நான் சைவக்காரி, இருந்தாலும் போய்க் கொளுத்தினேன். அங்கேயும் உங்களைத் திரும்பத் தா என்று கேட்க வாய் வரவில்லை, உண்மையைச் சொல்ல வை என்றுதான் கேட்டேன்.

இன்னும் இரண்டு வருடம் என்ற கதைக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். முதலில் என்னுடையதற்குச் சொல்லுங்கள். அதுவரைக்கும் தண்ணீரைப் பற்றி எனக்கு ஒரு வரியும் வேண்டாம்.

சாரதா


கொல்பானி
4 சனவரி 1987

என் சாரதா,

மழை தொடங்கிவிட்டது. பாதை அறுந்து லொறி வரவில்லை, உம்முடைய கடிதம் இரண்டு கிழமை கீழே ஊரில் கிடந்திருக்கிறது. தண்ணீரைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம் என்றீர். இது ஒன்றுதான், இதோடு நிறுத்துகிறேன்.

உம்முடைய கேள்விக்கு என்னிடம் நல்ல பதில்தான் இருந்தது. அதை எழுதினால் அதோடு வருகிற மற்றதையும் எழுத வேண்டும். அதற்குத்தான் கை பின்வாங்கியது.

ஊர்த் தலைவர் கேட்டார், ழாக் மொழிபெயர்த்தார். மனைவி இருக்கிறாளா? இருக்கிறாள் என்றேன். எங்கே? கடலுக்கு அந்தப் பக்கம். அவர் ஊர் வழக்கத்தை விளக்கினார். மனைவி இல்லாதவன் என்றால் இறங்க முடியாது. மனைவி இருந்து, தூரத்தில் இருக்கிறாள் என்றால், அவள் உடம்பில் போட்ட துணி ஒன்றைக் கொண்டுவா, வேறொரு பெண் அதைப் போட்டுக்கொண்டு அவளாக நிற்கலாம் என்றார். சுரங்கத்துக்குப் போனவர்கள், பட்டணத்துக்குப் போனவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் ஆள் நிற்குமாம். நான் கூடாரத்துக்கு ஓடிப்போய்ப் பெட்டியின் அடியிலிருந்து உம்முடைய சுவெற்றரை எடுத்துவந்தேன். நான் அதை ஒரு நாளும் போடவில்லை. தலைமாட்டில் வைத்துத்தான் படுத்தேன்.

பிறகு உம்முடைய பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். அதற்குப் பிறகு அன்று முழுக்க எவரிஸ்தாவை யாரும் எவரிஸ்தா என்று கூப்பிடவில்லை. சாரதா இந்தப் பக்கம் வா, சாரதா பாத்திரத்தைத் தா, சாரதா சாப்பிடு. பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டன. ஒவ்வொரு தடவையும் நான் வாய்க்காலுக்குள் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தேன். நீர் பார்த்த படத்தில் நான் சிரிக்கிறேன் என்று எழுதினீரே, யாரோ உம்முடைய பெயரைச் சொன்ன நேரம் அது.

இப்போது மற்றது. அந்த நாள் முடிந்த பிறகு சுவெற்றரை அவள் கழற்றித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவள் விடிய அதைப் போட்டுக்கொண்டு லாமாக்களை ஓட்டிக்கொண்டு புல்வெளியைக் கடந்து போவாள். தூரத்தில் அந்தச் சிவப்புத் தெரிந்தால், நீர் வருகிற மாதிரி ஒரு கணம் இருக்கும். கிட்ட வந்தால் அவள்தான் என்று தெரியும். தெரிந்தும் நான் ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்குத்தான் ஓடைப் பலகையைப் பார்க்கப் போகிறேன். ஓடை அப்போது உறைந்து கிடக்கும், அளக்க ஒன்றும் இல்லை. இதை உமக்கு எப்படி எழுதுவது? அவள் ஒரு நல்ல மனுசி, எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றும் இல்லை என்று மட்டும் எழுதினால் அதுவும் பொய்.

உமக்கு இங்கே ஒரு தண்ணீர்ப் பங்கும் இருக்கிறது. வாய்க்காலில் நின்ற வீட்டுக்கெல்லாம் பங்கு உண்டு. சனிக்கிழமை காலையில் மடை சாரதாவின் பெயரில் திறக்கும். எங்களுக்கு நிலம் இல்லாததால் அந்தத் தண்ணீர் எவரிஸ்தாவின் புல்லுக்குப் போகிறது.

நீக்கிலாஸைப் பற்றி எழுதினதற்கு வெட்கப்படுகிறேன், இருந்தாலும் இன்னும் எரிகிறது. நீர் வா என்று ஒரு சொல் எழுதும், மே மாதம் வந்துவிடுகிறேன். சட்டி கழுவினாலும் பரவாயில்லை. ழாக்கிடம் சொல்ல வேண்டிய பதில் உம்முடைய கையில் இருக்கிறது.

குலசேகரம்


லா ஷப்பெல்
1 பெப்ரவரி 1987

என் அன்புள்ள அத்தான்,

இங்கே போன மாதம் முழுக்கப் பனி. தெருக் குழாய்கள் வெடித்துவிட்டன, எங்கள் கட்டடத்தில் மூன்று நாள் தண்ணீர் இல்லை. வாளியோடு கீழே போய் வரிசையில் நின்றேன். அந்த வரிசையில் நின்றபோதுதான் தபால்காரன் உங்கள் கடிதத்தைத் தந்தான். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்து படித்தேன். அழுதேன். பின்னால் நின்ற கிழவர் தண்ணீர் வராததற்கு அழுகிறேன் என்று நினைத்துத் தன் முறையை எனக்கு விட்டுத்தந்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டாம் தரம் படித்தேன். அப்போது கோபம் வந்தது.

மேரிறோஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பெரிய நிம்மதியோடு பெருமூச்சு விட்டாள். "அப்ப அது நீர்தானே. உம்மோடை நீரே எரிச்சல்படுறீரோ?"

"நான் இஞ்சை ஸிப் தைச்சுக்கொண்டு இருந்தனான். அவள் அங்கை நானாய் நிண்டவள்," என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

முன்பு படத்தில் இருந்தவள் யாரோ ஒருத்தி. யாரோ ஒருத்தியைத் திட்டித் தீர்க்கலாம். இப்போது என் பெயரைச் சொன்னால் அங்கே ஓர் ஊர் முழுக்க வேறொரு முகத்தை நினைக்கிறது. என் பெயரில் திறக்கிற தண்ணீரை அவளுடைய லாமா குடிக்கிறது. என் சுவெற்றரைப் பார்க்க என் புருஷன் விடிய எழும்பிப் போகிறார். முன்பை விட இப்போதுதான் எனக்கு அதிகமாக எரிகிறது. மறைக்காமல் எழுதினீர்கள், அதற்காக உங்களை நம்புகிறேன். எரிவது எரியத்தான் செய்கிறது.

நீக்கிலாஸ் அண்ணைக்கு அறுபது வயது. வழி முழுக்கத் தன் மூட்டு வலியையும் மன்னாரில் விட்டுவந்த மனைவி பியட்றிஸையும் பற்றித்தான் கதைப்பார். கோடு போட்ட சட்டை அவரிடம் இருக்கிறதோ தெரியாது. அதை நான் வேண்டுமென்றே எழுதினேன், உங்களுக்கும் கொஞ்சம் சுடட்டும் என்று.

வா என்று ஒரு சொல் எழுதச் சொன்னீர்கள். தாளை எடுத்து வைத்துக்கொண்டு அதைத்தான் எழுதப் போனேன். எழுதினால் நீங்கள் வருவீர்கள். இந்த அறைக்குள் வந்து, கட்டிலில் இருந்து, "ம்" என்பீர்கள். கடிதத்தில் கதைக்கிற மனுசனை நான் இந்த ஏழெட்டு மாதமாகத்தான் கண்டேன். அடியில் சத்தம் கேட்டுப் பிறகு கசிகிற ஓடையைப் பற்றி எனக்குச் சொன்னவரை, சட்டிக்குள் திரும்ப அமுக்க எனக்கு மனம் இல்லை. அவரை அந்தப் புல்வெளியில் எவரிஸ்தா கடந்து போகிறதைப் பார்த்துக்கொண்டு இருக்க விடவும் மனம் இல்லை.

ஆகவே நான் எழுதுகிறது வேறு சொல். ழாக்கிடம் ஓம் என்று சொல்லுங்கள், இரண்டு வருடம். செவ்வாய்க்கிழமை நான் உங்கள் குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். மர்கரீத் என்று ஒரு பெண் இருந்தா. என் பிரெஞ்சு இப்போது ஒருவாறு ஓடுகிறது. இரண்டு வருடம் இருக்கிறவர்களின் மனைவிமார் அங்கே தங்கலாமா என்று கேட்டேன். தங்கலாம், ஆனால் அது வெறும் உப்புக்காடு, அங்கே உமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டா. தண்ணீர்ப் பங்கு இருக்கிறது என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பா. பயணப் பத்திரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், யூலைக்குள் கிடைக்கும் என்கிறார்கள். தையல்கூடத்து முதலாளியிடமும் சொல்லியாயிற்று.

எவரிஸ்தாவை நான் பார்த்ததில்லை, திட்டினதெல்லாம் இந்த அறைக்குள்தான். அவளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சுவெற்றரை அவளே வைத்திருக்கட்டும், குளிர் ஊர். வாய்க்கால் திறக்கிறது ஓகஸ்ட் கடைசியில் என்றுதானே? அதற்கு முன்னால் நான் வந்துவிடுவேன். பெயரை மட்டும் அவளிடம் நான் நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள்
சாரதா